நினைவேந்தல் மலர்கள்: பாப்பி, பூவரசு, காந்தள்

நினைவேந்தல் மலர் என்பது போரில் இறந்தோரை நினைவுகூர ஒரு சமூகம் பொதுவாகச் சூடும், அணியும் அல்லது படைக்கும் பூவைக் குறிக்கும். உலக அளவில் இவ்வகையில் அதிகம் அறியப்பட்டது முதல் உலகப் போருடன் இணைந்த சிவப்புப் பாப்பி மலர். இலங்கையில் 1930களில் அதற்கு மாற்றாகப் பூவரசம்பூ விற்கப்பட்டது. ஈழத் தமிழரிடையே காந்தள் என்னும் கார்த்திகைப்பூ அதே இடத்தைப் பெற்றது. இவற்றுக்கெல்லாம் மிக முற்பட்ட சங்க இலக்கியத்தில் போருக்கும் பூவுக்கும் இடையே விரிவான உறவு உண்டு. இக்கட்டுரை இம்மலர்கள் கலையிலும் கவிதையிலும் பொது வழக்கிலும் பெற்ற பொருளை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒரு பூ யாரை நினைவுகூர்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதே இந்த ஒப்பீட்டின் மையக் கேள்வி.

பெயரும் செடியும்

பாப்பிக் குடும்பத்தில் இரண்டு செடிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று அபினிச் செடி. இதன் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அதே காயின் முற்றிய விதைதான் தமிழர் சமையலறையில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைத்து விடப்படும் கசகசா. மற்றொன்று ஐரோப்பிய வயல்களில் கோதுமைக்கு இடையே களையாக முளைக்கும் செம்பாப்பி. இதன் தாவரவியல் பெயர் பப்பாவர் ரோயஸ். நினைவு மலராக அணியப்படுவது இந்த இரண்டாவது செடியின் பூ. இச்செடி தமிழ்நாட்டில் இயல்பாக வளர்வதில்லை. எனவே தமிழில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. பாப்பி என்றே வழங்குகிறது.

இரண்டும் வேறு செடிகள் என்றாலும் கலையில் அவற்றின் பொருள்கள் கலந்தே வந்தன. அபினிச் செடியின் தாவரவியல் பெயரில் உள்ள 'சோம்னிஃபெரம்' என்ற சொல்லுக்குத் தூக்கம் தருவது என்று பொருள். கிரேக்கத் தொன்மத்தில் உறக்கத்தின் கடவுளான ஹிப்னோஸுக்குப் பாப்பி உரியது. விளைச்சலின் தெய்வமான டிமீட்டரின் கையில் கதிர்களுடன் பாப்பியும் காட்டப்படும். உறக்கம், மறதி, விளைச்சல் ஆகிய மூன்று பொருள்கள் போருக்கு முன்பே இம்மலரில் படிந்திருந்தன. மறதியின் பூவாக இருந்தது பின்னர் நினைவின் பூவாக மாறியது என்பது இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய திருப்பம்.

ஓவியத்தில் பாப்பி

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1873-ஆம் ஆண்டு வரைந்த பாப்பி வயல் ஓவியம் இம்மலரின் புகழ்பெற்ற ஓவியங்களுள் ஒன்று. 1874-ஆம் ஆண்டு நடந்த முதல் இம்ப்ரஷனிசக் கண்காட்சியில் இடம்பெற்ற இது இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. சரிவான வயலில் ஒரு பெண்ணும் குழந்தையும் நடக்கிறார்கள். அதே போன்ற இன்னோர் இணை சற்றுத் தொலைவில் தெரிகிறது. பூக்களுக்கு இதழ் வடிவம் இல்லை. அவை சிவப்புத் தீற்றல்கள் மட்டுமே. அந்தச் சிவப்பில் துயரம் எதுவும் இல்லை. அது கோடை, வெயில், ஓய்வு நாளின் சிவப்பு.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1920களில் பாப்பியை மிக அருகில் கொண்டுவந்து, திரை முழுவதும் ஒரே பூ நிறையுமாறு வரைந்தார். மோனேயிடம் பூ ஒரு புள்ளி. ஓ'கீஃபிடம் அது ஒரு நிலப்பரப்பு. இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. சிவப்பு நிறம் தானாக இரத்தத்தைக் குறிப்பதில்லை. ஒரு நிகழ்ச்சி அதன்மீது படிந்த பிறகே அது இரத்தத்தைக் குறிக்கத் தொடங்குகிறது. இன்று மோனேயின் ஓவியத்தைப் பார்க்கும் ஐரோப்பியர் அதில் போரை நினைக்கக்கூடும். ஆனால் அந்த நினைவு ஓவியத்தில் இல்லை; அது பார்ப்பவரிடம் உள்ளது.

கிளறிய மண்ணில் முளைத்த பூ

செம்பாப்பியின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் உறங்கும் இயல்புடையது. மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் முளைக்கும். உழவு செய்யும் வேலையைப் போரில் பீரங்கிக் குண்டுகளும் பதுங்கு குழிகளும் புதைகுழிகளும் செய்தன. அதனால் போர் நடந்த நிலத்தில் பாப்பி மிகுதியாகப் பூத்தது. இது முதல் உலகப் போருக்கு முன்பே கவனிக்கப்பட்ட செய்தி. 1835-ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பால் இந்தியர் நன்கறிந்த மெக்காலே, தம் இங்கிலாந்து வரலாற்று நூலில், 1693-ஆம் ஆண்டு லாண்டன் என்ற ஊரில் நடந்த போருக்குப் பிறகு அந்நிலத்தில் பாப்பிகள் மண்டியதைக் குறிப்பிட்டுள்ளார்.

பாப்பியை நிலையான நினைவுச் சின்னமாக்கியது ஒரு கவிதை. கனடியப் படை மருத்துவரான ஜான் மெக்ரே, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே 1915 மே மாதத் தொடக்கத்தில், தம் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மர் கொல்லப்பட்டதை அடுத்து 'ஃபிளாண்டர்ஸ் வயல்களில்' என்ற 15 வரிக் கவிதையை எழுதினார். அது 1915 டிசம்பர் 8 அன்று லண்டனின் 'பஞ்ச்' இதழில் வெளிவந்தது. மெக்ரே 1918 ஜனவரியில் நிமோனியாவால் இறந்தார்.

அக்கவிதையில் பேசுபவர்கள் இறந்தவர்கள். சிலுவைகளுக்கு இடையே பூக்கள் அசைவதையும், சில நாட்களுக்கு முன்புவரை தாங்கள் உயிரோடு இருந்ததையும் சொல்கிறார்கள். கடைசிப் பகுதியில் தொனி மாறுகிறது. பகைவருடனான சண்டையைத் தொடரும்படி உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கிறார்கள். தவறினால் தாங்கள் உறங்கப்போவதில்லை என்கிறார்கள். இப்பகுதி போர்க் காலத்தில் படைக்கு ஆள் சேர்க்கவும் கடன் பத்திரம் விற்கவும் பயன்பட்டது. பால் ஃபசல் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1975-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இக்கடைசிப் பகுதியைக் கடுமையாக விமர்சித்தார். துயரத்தைச் சொல்லத் தொடங்கிய கவிதை பரப்புரையாக முடிகிறது என்ற அவருடைய குறையில் நியாயம் உண்டு. இறந்தவர்களின் வாயில் வைக்கப்பட்ட சொற்களுக்கு மறுப்புச் சொல்ல உயிரோடு இருப்பவர்களால் முடிவதில்லை. நினைவேந்தல் மலர்களின் பெரிய சிக்கல் இந்தக் கவிதையிலேயே தொடங்கிவிடுகிறது.

சட்டையில் குத்திய பூ

அமெரிக்கப் பேராசிரியரான மோய்னா மைக்கேல் 1918 நவம்பரில், போர் முடிய இரண்டு நாட்கள் இருந்தபோது, மெக்ரேயின் கவிதையைப் படித்துப் பட்டால் செய்த பாப்பியை அணிந்தார். பிரான்சைச் சேர்ந்த அன்னா குவெரின் துணிப் பாப்பிகளைச் செய்து விற்று, போரால் பாதிக்கப்பட்டோருக்குப் பணம் திரட்டும் முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றார். 1921-இல் பிரித்தானிய முன்னாள் படைவீரர் அமைப்பு அதை ஏற்றது. அது முதல் நவம்பர் 11-ஐ ஒட்டி பாப்பி நாள் நடத்தப்படுகிறது. ஊனமுற்ற முன்னாள் வீரர்களே பாப்பிகளைச் செய்யும் தொழிற்கூடமும் அடுத்த ஆண்டு தொடங்கியது.

இம்மலர் நினைவுச் சின்னமாக இருப்பதோடு நிதி திரட்டும் கருவியாகவும் இருக்கிறது. எனவே யாருக்காகத் திரட்டப்படுகிறது என்ற கேள்வி தொடக்கம் முதலே இதனுடன் இருந்தது.

போர் எதிர்ப்பாளர்கள் வேறொரு கேள்வியை எழுப்பினர். பிரித்தானியப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் 1933-இல் வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தியது. எல்லா நாட்டு இறந்தோரையும், படைவீரர் அல்லாத பொதுமக்களையும் நினைப்பதும், இனிப் போர் வேண்டாம் என்று சொல்வதும் அதன் நோக்கம். அணிந்த பெண்களில் பலர் முதல் உலகப் போரில் கணவனையோ மகனையோ இழந்தவர்கள். ஆயினும் அவர்கள் இறந்தோரை அவமதிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டனர்.

2014-ஆம் ஆண்டு லண்டன் கோட்டை அகழியில் பால் கம்மின்ஸ், டாம் பைப்பர் ஆகியோர் 8,88,246 சுட்ட மண் பாப்பிகளை நட்டனர். போரில் இறந்த பிரித்தானியப் பேரரசுப் படையினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ என்பது கணக்கு. கோட்டைச் சாளரத்திலிருந்து இரத்தம் வழிந்து அகழியை நிறைப்பது போன்ற அமைப்பு அது. இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தனர். எண்ணிக்கையைக் கண்ணுக்குத் தெரியவைத்தது அதன் வலிமை. எல்லாப் பூவும் ஒரே அழகோடு நின்றது அதன் குறை. பூவின் அழகு மரணத்தின் கொடுமையை மூடிவிடுகிறதா என்ற விவாதம் அப்போது எழுந்தது.

பாப்பியும் இந்தியப் படைவீரர்களும்

முதல் உலகப் போரில் சுமார் 13 இலட்சம் இந்தியர் பணியாற்றினர். இறந்தோர் 74,000 அளவில் இருப்பர். மெக்ரே தம் கவிதையை எழுதுவதற்கு ஒரு வாரம் முன்பு, 1915 ஏப்ரல் 26 அன்று, அதே ஈப்பர் போர்முனையில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் எதிர்த்தாக்குதலில் இறங்கிப் பெரும் இழப்பைச் சந்தித்தது. அக்கவிதையின் பாப்பிகள் பூத்த வட்டாரத்தில் இந்தியரும் புதைந்தனர். ஆனால் அக்கவிதையின் நிலக்காட்சியில் சிலுவைகள் மட்டுமே உள்ளன.

பிரான்சில் நூவ் ஷாபெல் என்னும் இடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடம் கல்லறை இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்களைத் தாங்குகிறது. மற்ற போர்முனைகளில் நிலை வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும், மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை எனவும் ஒப்புக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பூ என்ற கணக்கு, பெயர் எழுதிவைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இது உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் முதல் உலகப் போரின் நினைவு பூவாக நிலைக்கவில்லை. சென்னைக் கடற்கரையில் போர் நினைவுச் சின்னம் உள்ளது. திருச்சிராப்பள்ளி காந்தி சந்தை அருகே நினைவு மணிக்கூண்டு உள்ளது. ஆனால் மக்கள் வழக்கில் அப்போரின் எச்சம் 'எம்டன்' என்ற சொல்தான். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பலின் பெயர், பொல்லாத சாமர்த்தியசாலியைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நின்றுவிட்டது. கப்பல் நினைவில் நின்றது. படைக்குப் போன ஆள் நிற்கவில்லை.

2018-இல் இந்தியப் பங்களிப்பைக் குறிக்கக் கதர்த் துணியால் செய்த பாப்பியைப் பிரித்தானிய அமைப்பு வெளியிட்டது. இந்தியாவில் செண்டுமல்லியை நினைவு மலராக்கும் முயற்சியும் நடந்தது. செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்த செடி. அங்கு அது இறந்தோர் நாளுக்கு உரிய பூ. ஆனால் இந்தியாவில் அது கோயில், கல்யாணம், ஆயுத பூசை என எல்லாவற்றுக்கும் உரியது. எல்லா நாளிலும் உடனிருக்கும் பூ ஒரு நாளின் துயரத்துக்குத் தனி அடையாளமாவது கடினம். கதர்ப் பாப்பியிலோ துணி இந்தியருடையது, பூ அவர்களுடையது அன்று.

பூக்களின் போர்: பூவரசு

பாப்பிக்கு எதிராகத் தெற்காசியாவில் எழுந்த தெளிவான மறுப்பு இலங்கையின் சூரிய மல் இயக்கம். சிங்களத்தில் 'சூரிய' என்பது பூவரச மரம். 'மல்' என்பது பூ. பாப்பி நாளில் இலங்கையில் திரளும் பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே சென்றது. உள்ளூர் முன்னாள் படைவீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். இதை எதிர்த்து 1930களின் தொடக்கத்தில் ஏலியன் பெரேரா பாப்பிக்கு மாற்றாகப் பூவரசம்பூ விற்பனையைத் தொடங்கினார்.

1933-இல் இது புது வேகம் பெற்றது. இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியப் பணி செய்த டோரீன் யங், பின்னாளில் டோரீன் விக்கிரமசிங்க, 'பூக்களின் போர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். தங்கள் சொந்த நாட்டு ஏழைகளை விட்டுவிட்டு, பிரித்தானிய வீரர்களுக்காக இலங்கை மாணவர்களைப் பாப்பி வாங்கச் செய்வதை அவர் சாடினார். தெற்குக் கொழும்பு இளைஞர் கழகம் இவ்வியக்கத்தைக் கையில் எடுத்து, போர் எதிர்ப்பு, பேரரசு எதிர்ப்பு இயக்கமாக மாற்றியது. திரண்ட நிதி ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தையின் கல்விக்குச் செலவிடப்பட்டது. 1934-35-இல் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது இவ்வியக்கத்தினர் நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். இவர்களில் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர்.

பூவரசைத் தேர்ந்ததில் உள்ள கூர்மை கவனிக்கத்தக்கது. அதற்கு இரத்த நிறம் இல்லை. காலையில் மஞ்சளாக இருந்து வாடும்போது சிவக்கும். குளக்கரையிலும் வேலியிலும் கேட்பாரற்று வளரும் மரம் அது. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். தொல்கதையோ வீரக்கதையோ சுமக்காத அப்பூவை, தூரத்துப் போர்க்களத்தின் பூவுக்கு எதிரே நிறுத்தியதே அவ்வியக்கத்தின் வாதம். நினைவேந்தல் மலர்களுள் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியை நேராகக் கேட்டது இது ஒன்றே. இறந்தவர்களின் பெயரால் திரட்டும் பணம் உயிரோடு இருக்கும் ஏழைக்குச் சேர வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

சங்கக் கவிதையில் போரும் பூவும்

தமிழில் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, படையெடுப்பு வஞ்சி, மதில் முற்றுகை உழிஞை, மதில் காவல் நொச்சி, களப்போர் தும்பை, வெற்றி வாகை எனப் புறத்திணைகள் பூக்களால் பெயர் பெற்றன. பாப்பியுடன் ஒப்பிடும்போது ஓர் அடிப்படை வேறுபாடு தெரிகிறது. பாப்பி போர் முடிந்த பிறகு, உயிரோடு இருப்பவர் இறந்தவருக்காக அணிவது. புறத்திணைப் பூக்கள் போருக்குப் போகிறவரே சூடிக்கொள்வன. அவை நினைவின் பூக்கள் அல்ல, முடிவெடுத்ததன் பூக்கள்.

அந்தப் பூ களத்தில் என்ன ஆகிறது என்பதையும் சங்கக் கவிதை மறைக்கவில்லை. வெறிபாடிய காமக்காணியார் பாடிய புறநானூறு 271-ஆம் பாடலில், முன்பு பெண்கள் தழையாக அணிந்த அதே நொச்சி, இப்போது வீரனின் இரத்தத்தில் ஊறி உருத்தெரியாமல் கிடக்கிறது. அதை ஊன் என்று எண்ணிப் பருந்து தூக்கிச் செல்கிறது. இங்கே பூ இரத்தத்துக்கு உவமையாக வரவில்லை. பூவில் இரத்தமே படிந்துவிட்டது. போரை அழகுபடுத்த மறுக்கும் இந்தப் பார்வை, எத்தனையோ பாப்பிக் கவிதைகளில் காணாதது.

இறந்தபின் வீரனுக்கு உரியது நடுகல். அதற்கு மயிற்பீலியும் மாலையும் சூட்டிக் கள் படைப்பர். மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335-ஆம் பாடல், ஒரு சிற்றூரின் பூ, உணவு, குடி ஆகியவற்றை நான்கு நான்காகச் சொல்லி, பகைவரைத் தடுத்து விழுந்தவனின் கல்லைத் தவிர அங்கே வணங்கத்தக்க தெய்வம் இல்லை என்கிறது. அப்பாடலில் பூ ஊரின் அன்றாடச் செல்வம். நினைவுக்கு உரியது கல்.

தமிழில் நினைவேந்தல் மலரைப் பற்றிய மிகச் சிறந்த பாடல் புறநானூறு 242. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயில் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாடல் இது. அவன் மறைவுக்குப் பிறகு இளைஞரோ மகளிரோ பாணரோ பாடினியோ பூச்சூட மனமற்றிருக்கும் ஊரில், முல்லை வழக்கம்போல் மலர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்துப் புலவர், நீயும் மலர்ந்தாயோ என்ற வகையில் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு பாட்டு முடிந்துவிடுகிறது.

மெக்ரேயின் கவிதையுடன் இதை வைத்துப் பார்த்தால் இரண்டு மரபுகளின் வேறுபாடு விளங்கும். அங்கே பூக்கள் இறந்தவர்களின் பக்கம் நின்று சாட்சி சொல்கின்றன. இங்கே பூ எதற்கும் சாட்சி இல்லை. இயற்கை துயரத்தை அறியாதது என்பதே துயரமாகிறது. அங்கே இறந்தவர் பேசி ஆணையிடுகிறார். இங்கே இறந்தவர் பேசுவதே இல்லை. கேட்பவர் உயிரோடு இருக்கும் புலவர். கேட்கப்படுவது பதில் சொல்ல முடியாத பூ. யாரையும் எதற்கும் அழைக்காத காரணத்தால், இப்பாடலை ஆள் சேர்க்கும் சுவரொட்டியாக மாற்ற முடியாது. மாணவர்கள் இவ்விரு கவிதைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும்.

காந்தள்

காந்தளின் தாவரவியல் பெயர் குளோரியோசா சுபர்பா. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், பேச்சு வழக்கில் கண்வலிக் கிழங்கு என்றும் வழங்கும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். பூ பச்சையாக அரும்பி, மஞ்சளாக விரிந்து, செம்மஞ்சளாகிக் கடைசியில் சிவப்பாக முடியும். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. கீல்வாத மருந்துக்கு அது பயன்படுவதால் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர்.

சங்க இலக்கியத்தில் இது குறிஞ்சி நிலப் பூ, முருகனுக்கு உரியது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வேலனின் வெறியாட்டைக் குறிக்கும் துறைக்குக் காந்தள் என்று பெயர். குறுந்தொகையின் முதல் பாடலில் திப்புத்தோளார், முருகன் அவுணரை அழித்த களம், அம்பு, யானைத் தந்தம் என எல்லாவற்றையும் சிவப்பாக அடுக்கி, அவன் மலையின் காந்தளையும் குருதி நிறப் பூ என்கிறார். போர்க்களமும் காந்தளும் ஒரே நிறத்தால் இணையும் இடம் அது. ஆனால் அது போர்ப்பாட்டு அன்று, காதற்பாட்டு. தலைவன் கையுறையாகக் கொண்டுவந்த காந்தளைத் தோழி, அது எங்கள் மலையிலேயே நிறைய இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுக்கிறாள். தமிழில் காந்தளைக் குருதியோடு இணைத்த பழம்பாட்டு, அப்பூ வேண்டாம் என்று சொல்லும் பாட்டாகவும் இருக்கிறது.

கார்த்திகைப்பூவும் கஞ்சியும்

ஈழத்தில் காந்தள் கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ எனப்படும். இந்தியாவில் தடை செய்யப்பட்ட இயக்கமான தமிழீழ விடுதலைப் புலிகள், 1982 நவம்பர் 27 அன்று இறந்த தங்கள் முதல் போராளியின் நினைவாக 1989 முதல் அந்நாளை மாவீரர் நாளாகக் கடைப்பிடித்தனர். 2003-இல் கார்த்திகைப்பூவைத் தேசியப் பூவாக அறிவித்தனர். போர் முடிந்த 2009-க்குப் பிறகு இலங்கையில் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. பூவே சந்தேகத்துக்கு உரியதானது. புலம்பெயர்ந்த நாடுகளில் அது தொடர்ந்து அணியப்படுகிறது.

வடிவத்தில் இது பாப்பி வழக்கத்தை ஒத்திருக்கிறது: நவம்பர் மாதம், சிவப்புப் பூ, சட்டையில் அணிதல், கல்லறை வரிசைகள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஃபிளாண்டர்சில் பாப்பி பூப்பது கோடைக்காலத்தில். நவம்பரில் அணியப்படுவது காகிதப் பூ. அது இடத்தால் வந்த சின்னம். கார்த்திகைப்பூ அந்நாளிலேயே வேலியில் பூத்திருக்கும். அது காலத்தால் வந்த சின்னம். ஆண்டுதோறும் மழையோடு தானே முளைத்து வருவதால், அதைத் தடை செய்வது எளிதன்று. அதன் உணர்ச்சி வலிமைக்கு இது முக்கியக் காரணம்.

அதன் எல்லையும் தெளிவானது. அது போராளிகளுக்கான பூ. அதே போரில் இறந்த பொதுமக்கள், பிற இயக்கத்தவர், புலிகளால் கொல்லப்பட்டோர், விருப்பமின்றிப் படையில் சேர்க்கப்பட்ட சிறுவர் ஆகியோரின் குடும்பங்கள் அப்பூவைப் பார்க்கும் விதம் ஒன்றாக இருக்க முடியாது. சிவப்புப் பாப்பியைப் பார்த்து வெள்ளைப் பாப்பிக்காரர்கள் கேட்ட கேள்வி இங்கும் பொருந்தும்.

அக்கேள்விக்கு ஈழத் தமிழர் கண்ட விடை இன்னொரு பூவாக இல்லை. மே 18 அன்று பொதுமக்களின் நினைவாகக் காய்ச்சப்படுவது முள்ளிவாய்க்கால் கஞ்சி. இறுதிப் போரில் உணவின்றித் தவித்த மக்கள் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் குடித்த கஞ்சி அது. அதில் அழகு இல்லை. நிறமும் இல்லை. அதைச் சட்டையில் குத்திக்கொள்ள முடியாது. வரிசையில் நின்று வாங்கிக் குடிக்க வேண்டும். இறந்தவர்களின் பசியை ஒரு மிடறு அறிவது அதன் நோக்கம். வீரத்துக்குப் பூவும் துன்பத்துக்குக் கஞ்சியும் என்ற இந்தப் பிரிவு, நினைவேந்தல் பற்றிய உலக விவாதத்துக்குத் தமிழரின் தனிப் பங்களிப்பு எனலாம்.

வடக்குப்பட்டும் கிளறிய மண்ணும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகே உள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வு செய்தது. கற்கருவிகள், மணிகள், ரோமானிய மதுச்சாடி ஓடுகள், பொன்னணி ஆகியவை கிடைத்தன. சுற்றிலும் கார்த் தொழிற்சாலைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் மண் தோண்டப்படும் வட்டாரம் இது. ஃபிளாண்டர்சில் கிளறிய மண் பூவைத் தந்தது; இங்கே கிளறிய மண் ஓட்டையும் கல்லையும் தந்தது. பூவுக்கு ஒரு வசதி உண்டு: யாரும் தேடாமல் அது தானே வெளியே வரும். ஓடு அப்படி வராது. பொறுமையாகத் தோண்டி, கழுவி, எண்ணிட்டுப் பாதுகாத்தால்தான் அது பேசும். இயந்திரம் அள்ளிக் கொட்டிய மண்ணில் அது வெறும் சல்லி. ஒரு வட்டாரத்தின் நினைவு சின்னத்தைப் பொறுத்தது மட்டுமன்று, அதைத் தேடும் உழைப்பையும் பொறுத்தது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

மதிப்பீடு

நினைவேந்தல் மலர்களை மூன்று கேள்விகளால் மதிப்பிடலாம். அம்மலர் யாருடைய இறப்பை எண்ணுகிறது? அதன் பெயரால் திரளும் பணமோ ஆதரவோ யாருக்குச் சேர்கிறது? அது உயிரோடு இருப்பவரிடம் எதைக் கேட்கிறது? முதல் கேள்வியில் சிவப்புப் பாப்பி நெடுங்காலம் தவறியது. கார்த்திகைப்பூவும் எல்லா இறப்பையும் எண்ணவில்லை. இரண்டாவது கேள்வியைப் பூவரசு நேர்மையாக எதிர்கொண்டது. மூன்றாவதுதான் கடினமானது. மெக்ரேயின் பாப்பி மீண்டும் போரிடக் கேட்டது. வெள்ளைப் பாப்பி போரிடாதிருக்கக் கேட்டது. கீரத்தனாரின் முல்லை எதையும் கேட்கவில்லை. அதைப் பார்த்து நாம்தான் கேட்கிறோம்.

பூ எந்தப் பொருளையும் தானாகக் கொண்டு வருவதில்லை. கசகசாவாகக் குருமாவில் கரைவதும், அபினாக உறங்கவைப்பதும், காகிதமாகச் சட்டையில் நிற்பதும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான். காந்தளும் அளவறிந்தால் மருந்து, அறியாவிட்டால் நஞ்சு. நினைவும் அத்தகையதே. இறந்தவரை மறவாதிருக்கப் பூச்சூடும் சமூகம், அப்பூவைச் சூட முடியாத வீடு எது என்பதையும் நினைத்துப் பார்க்கும்போதே அந்நினைவு முழுமை பெறுகிறது.